வண்டி அனுப்ப முடியாத ராஜா

1

ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டதிலிருந்து இந்தக் கதை தொடங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெப்ரவரி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. இத்தாலியின் பலெர்மோ நகரில், குவெஸ்தூரா என்கிற போலீஸ் தலைமையகத்தின் வாசலில், வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வந்தவர்களோடு நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் தடவை கேட்டேவிட்டாள்.

“அண்ணை, நீங்கள் கதை எழுதுறனீங்கள் எண்டு கோயிலடியிலை சொல்லிச்சினம். ரெசிடெண்டு எண்டால் என்ன?”

“ரெசிடென்ஸாவோ? வதிவிடப் பதிவு?” என்றேன். அந்த வரிசையில் நிற்கிறவனின் தலைக்குள் வேறென்ன இருக்கும்?

“அதில்லை. அது ஒரு ஆள். ரெசிடெண்டு துரை. ராசாவோடை இருக்கிற ஆள்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் லிபெர்த்தாப் பகுதியில் மாடிக் கட்டடங்களின் படிக்கட்டுகளைக் கழுவுகிறவன். மிச்ச நேரத்தில், வெள்ளைக்காரன் காலத்துச் சின்னச் சமஸ்தானம் ஒன்றைப் பற்றிச் சரித்திர நாவல் எழுதப் பதினைந்து வருடமாக முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறவன். திவான், ரெசிடெண்டு, கிஸ்தி என்று என் நோட்டுப் புத்தகங்களில் குவிந்து கிடக்கிற சொற்களில் ஒன்றை இந்த நகரத்தில் இன்னொரு வாய் சொல்லிக் கேட்பேன் என்று நான் நினைத்ததில்லை.

விளக்கினேன். ராஜா சிம்மாசனத்தில் இருப்பார்; ரெசிடெண்டு பக்கத்துப் பங்களாவில் இருப்பான்; ராஜா எதற்கும் கையெழுத்துப் போடுமுன் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“அப்ப, ராசா ஒரு வண்டி அனுப்புறன் எண்டு சொல்லி, இவன் வேண்டாம் எண்டால்?”

“வண்டி போகாது.”

அவள் கையிலிருந்த காகித உறையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, நான் நாலு மாசமா வரும் வரும் எண்டு சொல்லிப்போட்டனே.”

2

இனி, இந்தக் கதையை நான் எழுதத் தொடங்கிய விதங்கள்.

“செங்கரைச் சமஸ்தானத்தின் கடைசி மன்னர் ஸ்ரீ ராஜராஜ விசயமார்த்தாண்ட—”

விட்டுவிட்டேன். பெயர் முடிவதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

“இத்தாலி யுத்தத்தில் இறங்கிய மறுநாள், இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எல்லோரும் ஒரே இரவில் எதிரிகளாகிப்போ—”

இது பாடப்புத்தகம்.

“செலஸ்ரீனா தனிமையில் வாடினாள்.”

இதையும் அடித்தேன். வரிசையில் என்னிடம் கேட்ட அந்தப் பெண்தான் செலஸ்ரீனா; வாடுவதற்கு அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை. அவள் பார்த்துக்கொள்கிற கிழவிக்குக் காலை ஆறரைக்குக் கோப்பி, ஏழுக்கு மருந்து, எட்டுக்கு உடம்பு துடைப்பது, பிறகு சமையல், துவைப்பு. தனிமை என்று ஒன்று அவளிடம் இருந்தால், அது மத்தியானச் சாப்பாட்டுக்கும் நாலு மணி மருந்துக்கும் இடையில் இருந்தது.

3

செலஸ்ரீனா மன்னாரில் பேசாலையைச் சேர்ந்தவள். வயது ஐம்பத்து நான்கு. அவளுடைய கணவன் இராயப்பு 2001இல் கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. உடலும் கரை சேரவில்லை. அடுத்த வருடம், ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு பலெர்மோ வந்தாள். மகள் நிரோசினி இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, இப்போது வடக்கே தோரினோ நகரில் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய்க்குத் தொலைபேசி எடுப்பாள். தாய் தமிழில் தொடங்குவாள். இரண்டாவது வசனத்திலேயே, “மம்மா, இத்தாலியனிலை சொல்லு, எனக்கு விளங்கேல்லை” என்பாள் மகள். அந்த ஒரு வசனத்தை மட்டும் அவள் நல்ல தமிழில் சொல்லுவாள்.

போன ஓகஸ்டில் செலஸ்ரீனாவுக்கு லிபெர்த்தாவில் வேலைக்கு ஒரு புது வீடு கிடைத்தது. வீட்டு எசமானி, சிஞ்ஞோரா இமாக்கொலாத்தாவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. மறதி நோய். மூன்றாம் மாடியில், உயரமான ஜன்னல்கள் உள்ள வீடு. ஒரே மகன் கொர்ராதோ, ஓய்வுபெற்ற பல்வைத்தியர், இரண்டு தெரு தள்ளி இருந்தார். செவ்வாயும் சனியும் வருவார். தாய் அவரைப் பார்த்துப் பேசி ஒரு வருடமாகிறது என்றார். இத்தாலியன் சொற்கள் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போய், கடைசியில் ‘ஸி’, ‘நோ’ இரண்டும்கூடப் போய்விட்டிருந்தன.

ஒக்டோபரில் ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு, செலஸ்ரீனா சிஞ்ஞோராவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து தமக்கை அழைத்தாள். “ஓம் அக்கா, வேலையிலை நிக்கிறன். பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டுச் சீப்பை மறுபடி எடுத்தாள்.

“யாருகிட்டடி பேசுறே?”

செலஸ்ரீனா கதவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. தொலைக்காட்சியும் ஓடவில்லை.

“மாரி, உன்னைத்தான் கேக்கிறேன். காது கேக்கலையா?”

சிஞ்ஞோராதான். ஜன்னலைப் பார்த்தபடி, சின்னப்பிள்ளைக் குரலில், சுத்தமான தமிழ்நாட்டுத் தமிழில்.

(இந்த இடத்தில் நீங்கள் புருவத்தை உயர்த்துவீர்கள். தமிழ் பேசும் இத்தாலியக் கிழவிக்குத் தமிழ்ப் பணிப்பெண் வாய்த்தது கதைக்காக நான் செய்த ஏற்பாடு என்பீர்கள். இந்த நகரத்தில் முதியவர்களைக் குளிப்பாட்டுகிற கைகளில் எத்தனை கைகள் நம்முடையவை என்று எண்ணிவிட்டு வாருங்கள், பேசலாம். அந்தக் கிழவிக்குத் தமிழ் வந்த விதம்தான் ஆச்சரியம். அதைச் சொல்ல நான் ஒரு சமஸ்தானத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது.)

4

செங்கரை என்ற சமஸ்தானம் எந்த வரைபடத்திலும் கிடையாது. தேடாதீர்கள். சிஞ்ஞோரா தன் ஊர்ப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. ‘நம்ம ஊரு’ என்றுதான் சொன்னாள். செலஸ்ரீனா எனக்குக் கொண்டுவந்து தந்தது ஒரு கைப்பிடி சொற்கள்: ராஜா, ரெசிடெண்டு துரை, பாண்டு, மாரி, வண்டி, ஒரு வாத்து. மற்றதெல்லாம் என் சரக்கு.

செங்கரை தமிழ்நாட்டின் தென்பகுதியில், மூன்று ஏரிகளும் நூற்றுச் சொச்சம் கிராமங்களும் கொண்டது. வெள்ளைக்காரர்கள் ராஜாக்களைப் பீரங்கிக் குண்டுகளால் தரம் பிரித்தார்கள். பெரிய ராஜா வந்தால் இருபத்தொரு முழக்கம், அடுத்தவருக்குப் பத்தொன்பது, பிறகு பதினேழு என்று இறங்கி ஒன்பது வரை. செங்கரை ராஜாவுக்கு ஒன்றுமில்லை. அவர் ரயிலிலிருந்து இறங்கினால் ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றுவார். அவ்வளவுதான்.*

குண்டு கிடைக்காத ராஜா பாண்டு வாத்தியம் வைத்துக்கொண்டார். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. பம்பாயில் ஒரு கப்பலிலிருந்து இறங்கி வேலையில்லாமல் நின்ற பலெர்மோக்காரன் ஒருவனைப் பாண்டு மாஸ்டராகக் கூட்டி வந்தார். கிளாரினெட் வாசிக்கிறவன். மனைவியும் வந்தாள். செங்கரையில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. தாய்க்காரி காய்ச்சலில் போய்விட, பிள்ளையை மாரி என்ற ஆயா வளர்த்தாள். அப்பன் பிள்ளையோடு இத்தாலியன் பேசியது, மாலையில் பாண்டு முடிந்து வந்து, தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுச் சொன்ன ஒன்றிரண்டு சொற்கள்தான். பிள்ளை கனவு கண்டது, சண்டை பிடித்தது, பசிக்கிறது என்றது எல்லாம் தமிழில்.

* அரண்மனை எப்படி இருந்தது, தர்பார் மண்டபத்தில் எத்தனை தூண் என்று கேட்டுச் சொல்லும்படி செலஸ்ரீனாவிடம் கெஞ்சினேன். கேட்டாள். “அங்கை ஒரு வாத்து இருந்ததாம் அண்ணை. கடிக்குமாம்” என்று வந்து சொன்னாள். என் பதினைந்து வருட ஆராய்ச்சியில் அந்த வாத்தைப்போல உயிருள்ள ஒன்று கிடைத்ததில்லை.

5

1940 ஜூன். இத்தாலி யுத்தத்தில் இறங்கியது. எதிரி நாட்டுக்காரர்களைப் பிடித்து முகாமில் வைக்கச் சொல்லி ரெசிடெண்டின் பங்களாவிலிருந்து கடிதம் வந்தது. பிடிக்க வெள்ளைக்காரப் பட்டாளம் வரவில்லை. செங்கரையின் சொந்தப் போலீஸ்காரர் இருவர், ராஜா தைத்துக்கொடுத்த சிவப்புத் தலைப்பாகையோடு வந்தார்கள். ஒரு மணி நேரம் கொடுத்தார்கள்.

இங்கே ராஜா என்ன செய்தார்?

முதல் வரைவில் அவர் ரெசிடெண்டின் பங்களாவுக்கே போய் மேசையைத் தட்டுகிறார். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த மேசையைத் தட்டிய ராஜாவை அடுத்த வாரமே கொடைக்கானலுக்கு ‘உடல்நலத்துக்காக’ அனுப்பிவிடுவார்கள். இரண்டாம் வரைவில் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு—

இல்லை. சிஞ்ஞோரா சொன்னதை வைத்துக்கொள்கிறேன். அவர் செருப்பில்லாமல் வாசலுக்கு வந்தார். மாஸ்டரைத் தாண்டிப் போனார். எட்டு வயதுப் பிள்ளையின் முன் குனிந்து, “அழாதே பாப்பா. சாயங்காலம் வண்டி அனுப்புறேன். அப்பாவும் நீயும் திரும்பி வந்துடலாம்” என்றார். மாரி வேலியடியில் நின்றாள்.

வண்டி வரவில்லை. பிறகு முகாம், முகாமுக்குப் பின் இன்னொரு முகாம், ஆறு வருடம். அதன்பின் கப்பல், பலெர்மோ. இத்தாலியன் சரியாகப் பேசத் தெரியாத பதினான்கு வயது இத்தாலியப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அவள் இத்தாலியனைக் கற்றுக்கொண்டு, மற்றதை வாய்க்குள் வைத்து மூடினாள். கலியாணம் கட்டினாள், மகனைப் பெற்றாள். தாய் இந்தியாவில் பிறந்தவள் என்பது கொர்ராதோவுக்குத் தெரியும். அங்கே ஆங்கிலம் பேசியிருப்பாள் என்று அவர் நினைத்திருந்தார்.

6

செலஸ்ரீனா இதைக் கொர்ராதோவிடம் சொல்லவில்லை. கதையின் முள் இதுதான்.

முதல் செவ்வாய்க்கிழமை, அவர் வரட்டும், சொல்லலாம் என்று காத்திருந்தாள். அவர் வந்தார், வழக்கம்போலத் தாயின் கன்னத்தில் முத்தமிட்டார், தாய் வாயே திறக்கவில்லை. சனிக்கிழமையும் அப்படியே. அவர் இருக்கும்போது சிஞ்ஞோரா பேசமாட்டாள். அவர் போனதும், “அந்த ஆளு போயாச்சா?” என்பாள்.

பிறகு சொல்ல மனம் வரவில்லை. என்ன காரணம் என்று நான் கேட்டேன்.

“எப்பிடிச் சொல்லுறது அண்ணை. இருபத்திமூண்டு வருசமா நான் வேலை செய்யிற வீட்டிலை ஒருத்தரும் என்னோடை தமிழ் கதைச்சதில்லை. சொன்னால் அவர் டொக்டரைக் கூட்டிவருவார், ஆக்களைக் கூட்டிவருவார். பிறகு அது எனக்கில்லை.”

மத்தியானங்கள் அவளுடையவையாயின. அவளுடைய மன்னார்த் தமிழ் சிஞ்ஞோராவுக்கு விளங்கவில்லை. “நீ ஏன்டி இப்படி இழுத்து இழுத்துப் பேசுறே?” என்று சிரித்தாள். செலஸ்ரீனா தொலைக்காட்சித் தொடர்களில் கேட்ட இந்தியத் தமிழில் பேசப் பழகினாள். சிஞ்ஞோரா அவளை ஆயாவாகவே எண்ணி அதட்டினாள்; எண்ணெய் தேய்க்கச் சொன்னாள்; தண்ணீர் சூடாக இருக்கிறது என்று கையைத் தட்டிவிட்டாள். வேறு யாராவது அப்படி ‘அடியே’ என்றிருந்தால் செலஸ்ரீனா சேலைத் துண்டைப்போல வேலையை உதறிவிட்டு— (அவள் சேலை உடுத்துவதில்லை. கறுப்புக் காற்சட்டை, வெள்ளை ரப்பர் செருப்பு. பழக்கத்தில் வந்த உவமை. நிற்கட்டும்.)

ஒருநாள், யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். இராயப்பு போன அன்று காலை தான் அவனோடு கோபமாக இருந்ததை, தேத்தண்ணி கேட்டபோது, “நீங்களே ஊத்திக் குடியுங்கோ” என்றதை. தன் பேச்சிலேயே சொன்னாள், அது விளங்காது என்ற தைரியத்தில். சிஞ்ஞோரா எலும்புக் கையை நீட்டி அவள் தாடையைத் தொட்டாள்.

“அழாதே மாரி. அவன் வந்துடுவான்.”

ஒவ்வொரு நாளும் மூன்று மணியளவில் சிஞ்ஞோராவும் கேட்பாள்: “வண்டி வருமா மாரி?”

“வரும் பாப்பா.”

வரும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

7

ஜனவரி கடைசி. செலஸ்ரீனா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. வாசற்கதவு திறந்திருந்தது.

கிழவி மேலங்கியை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு, மின்தூக்கியில் இறங்கி, தெருவோரத்தில் நின்றிருக்கிறாள். போகிற ஒவ்வொரு காரையும் கையசைத்து நிறுத்தப் பார்த்திருக்கிறாள். ஆட்கள் கூடினார்கள். என்ன கேட்டாலும் புரியாத ஓசைகளாக வந்தது. யாரோ அம்புலன்ஸை அழைத்தார்கள். செலஸ்ரீனா வீட்டுச் செருப்போடு தெருத்தெருவாக ஓடி, மருத்துவமனைக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரமாயிற்று. கொர்ராதோ அங்கே நின்றார்.

சிஞ்ஞோரா அவளைக் கண்டதும் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள். “மாரி! வண்டி வரலைடி. நீ வரும்னியே!”

இளம் மருத்துவர் திரும்பினார். “இவர் பேசுவது உங்களுக்குப் புரிகிறதா?”

செலஸ்ரீனா அந்தக் கணத்தை என்னிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் ஒரே மாதிரித்தான் சொன்னாள். ஓம் என்றால், எப்போதிலிருந்து என்று கேட்பார்கள். வண்டி வரும் என்று சொன்னது யார் என்று கேட்பார்கள். அன்று சாப்பாடு ஊட்டும்போதுகூடச் சொல்லியிருந்தாள்.

“நோ,” என்றாள்.

மருத்துவர் எழுதினார்: மொழியாற்றல் முற்றாக இழப்பு, பொருளற்ற ஒலிகள். கொர்ராதோ அந்தத் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நகரத்துக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கேட்டார். அடுத்த வாரம் விட்டு மறு வாரத்துத் திங்கட்கிழமைக்குக் கிடைத்தது; அதுவரைக்கும் தாயை வீட்டுக்கே கூட்டி வந்தார். “இனி அவருக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான்” என்று அவளிடம் சொன்னார். கொடுமையாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய வியாழக்கிழமைதான் அவள் குவெஸ்தூரா வரிசையில் என்னிடம் கேட்டது.

8

வரிசையிலிருந்து அவள் நேரே வீட்டுக்குப் போனாள். மூன்று மணிக்குச் சிஞ்ஞோரா கேட்டாள்.

“வண்டி வருமா மாரி?”

செலஸ்ரீனா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். தொலைக்காட்சித் தமிழை விட்டுவிட்டாள்.

“வராது பிள்ளை. ராசாவாலை ஏலாது. ரெசிடெண்டு விடமாட்டான்.”

கிழவி ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

“தெரியும்,” என்றாள். “அன்னைக்கே அப்பா சொல்லிட்டாரு. நீதான் வரும் வரும்னே.”

அதற்குப் பிறகு எண்ணெய் தேய்க்கச் சொன்னாள்.

(இந்த இடத்தில் என் நாவல் முழுவதும் சரிந்து விழுந்தது. ராஜா பொய் சொன்னாரா, தானும் நம்பிச் சொன்னாரா என்று பதினெட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்த வாசலில் நின்ற யாருமே நம்பவில்லை. ராஜா, மாஸ்டர், இரண்டு போலீஸ்காரர், எட்டு வயதுப் பிள்ளை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செங்கரையின் சரித்திரத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் எழுத முடியாது.)

ஒன்றைச் சொன்னவளுக்கு மற்றதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பகல் கொர்ராதோவை அழைத்து, “டொக்டர், நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். உங்கள் அம்மா பேசுகிறார். அது என்னுடைய மொழி” என்றாள்.

அவர் கேட்டார்: “எவ்வளவு காலமாக?”

“நான்கு மாதம்.”

“நான்கு மாதம்,” என்றார். “என் தாயை நீ வைத்திருந்தாய்.”



9

சனிக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வந்தார். அவளை வேலையிலிருந்து நிறுத்தப்போகிறார் என்று நினைத்து அவள் பெட்டியைக் கட்டி வைத்திருந்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார். தாயின் எதிரே உட்கார்ந்தார்.

“கேள்,” என்றார். “ஏதாவது கேள். அவர் பேசுவதை நான் கேட்கவேண்டும்.”

“பாப்பா, சாப்பிட்டீங்களா?” என்றாள் செலஸ்ரீனா.

சிஞ்ஞோரா மகனைப் பார்த்தாள். அவர் நல்ல உடுப்பில் வந்திருந்தார். உயரமான மனிதர், வெள்ளைத் தலை. அவள் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, அந்த வீட்டில் முதல்முறையாக, அவர் இருக்கும்போது வாயைத் திறந்தாள்.

“மாரி, ரெசிடெண்டு துரை வந்திருக்காரு. அப்பா வீட்ல இல்லைன்னு சொல்லிடு.”

கொர்ராதோ தாயின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்னிடம் பேசினார்,” என்றார். “என்னைப் பார்த்துப் பேசினார். என்ன சொன்னார்?”

இரண்டு பேரும் செலஸ்ரீனாவைப் பார்த்தார்கள்.

அவள் இத்தாலியனில் ஒரே ஒரு வசனம் சொன்னாள்.

அதன்பின் நடந்தவை எனக்குத் தெரியும். கொர்ராதோ எழுந்து ஜன்னலடிக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றார். அங்கிருந்தே முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து, இடம் வேண்டாம் என்றார். திரும்பி வந்து, தாயின் நாற்காலிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். அறுபத்தாறு வயது மனிதர். பெட்டியை அவிழ்க்கச் சொல்லி அவளுக்குக் கையால் காட்டினார். சிஞ்ஞோரா இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாள். அவர் இப்போது தினமும் மத்தியானம் வருகிறார். சில நாட்களில் கிழவி அவர் இருக்கும்போதும் பேசுகிறாள். செலஸ்ரீனாவின் மத்தியானங்கள், அவள் பயந்தபடியே, போய்விட்டன.

தெரியாதது அந்த வசனம் ஒன்றுதான். எழுதிப் பார்த்தேன்.

“உங்களை யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி என்று நினைக்கிறார்.” அடித்தேன். உண்மைதான், ஆனால் ஒரு மகன் அதைக் கேட்டுவிட்டுத் தரையில் உட்காரமாட்டான்.

“என் மகன் வந்திருக்கிறான் என்கிறார்.” இதையும் அடித்தேன். ராஜா வாசலில் வந்து சொன்னது போலிருக்கிறது.

“அவருக்கு இப்போது எட்டு வயது. நீங்கள் இன்னும் பிறக்கவில்லை. தன் அப்பாவை ஒளித்துவைக்கப் பார்க்—” இது நான் பேசுவது. அவள் இவ்வளவு நீளமாகப் பேசுகிறவள் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் படியில் அவளைப் பிடித்தேன். கதை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லு தங்கச்சி என்றேன். பெயரை மாற்றியிருக்கிறேன், ஊரை மாற்றியிருக்கிறேன், ஒருவருக்கும் தெரியவராது என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து பேருந்து அட்டையை எடுத்தாள். நிரோசினி ஈஸ்டருக்கு வருகிறாள் என்று சொன்னாள். பிறகு, கோபமில்லாமல், படியிறங்கிக்கொண்டே சொன்னாள்:

“உங்கடை ராசாவை நீங்கள் வைச்சிருங்கோ அண்ணை. அந்த வசனம் நான் சொன்னது. அது எனக்கு.”

ஆகையால் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறேன். இரண்டு பேரும் உங்களைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“                              ”